உள்தாழ்ப்பாள்

கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தபோது என் புகுந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தெருவாசல் கதவு. அதைச் சாத்தினால் மாமனார், மாமியார், கொழுந்தனார், மூத்த ஓரகத்தி, அவள் வீட்டுக்காரர், அவர்கள் பிள்ளைகள், கல்யாணத்துக்குக் காத்திருந்த நாத்தனார், நாங்கள் இருவர் என்று எல்லோரும் மொத்தமாக உள்ளே அடைபடுவோம். குளிக்கும் இடத்துக்குக்கூட ஓலைத் தட்டிதான். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்பதால் எங்களுக்கு மட்டும் கூடத்து மூலையில் ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டிக் கொடுத்தார்கள். காற்றடித்தால் புடவை விலகும். காற்றடிக்காத நாளில் ஓரகத்தியின் கடைக்குட்டி வந்து விலக்கும்.

நான் விழுப்புரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இரண்டே அறை என்றாலும் இரண்டுக்கும் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. கோபம் வந்தால் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வேன். கோபம் தீர்ந்ததும் நானே திறந்துகொண்டு வெளியே வந்து சாப்பிடுவேன். புகுந்த வீட்டில் கோபம் வந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போய் மாட்டின் முன்னால் நின்றேன். மாடு பாவம், அதற்கு ஒன்றும் புரியவில்லை.

என் கணவரும் நானும் அந்த வருஷம் முழுக்கக் கிசுகிசுப்பாகத்தான் பேசினோம். ஆசை வார்த்தை என்று நினைக்காதீர்கள். மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, எப்போது தண்ணீர் பாய்ச்சுவது, என் அப்பாவுக்குக் கடிதம் போட்டாயிற்றா என்பதையெல்லாம்கூட ரகசியம் போலப் பேசிக்கொண்டோம். அவர் சத்தமாகச் சிரித்தால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

வீட்டில் அப்படி ஒரு குறை இருப்பதாக வேறு யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கு வாசலில் கயிற்றுக் கட்டில். அத்தைக்கு அடுப்படி. அத்தை எப்போது படுப்பார், எப்போது எழுவார் என்று யாரும் பார்த்ததில்லை. நாங்கள் படுக்கும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். கண் விழித்தால் சாணம் தெளித்துக்கொண்டிருப்பார். நடுவில் தூங்கினாரா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

என் கணவருக்குப் பம்புசெட்டு மோட்டார் வேலை. வீட்டை ஒட்டிய தோட்டத்திலேயே பட்டறை போட்டிருந்தார். கிணற்றில் இறங்கிப்போன மோட்டாரைத் தூக்கி, கழற்றி, மறுபடி இறக்கித் தர வேண்டும். முகையூர்ப் பக்கம் போனால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதற்காக மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஏரி வண்டல், உழுத நிலம் எதுவானாலும் உறுமிக்கொண்டு ஏறிவிடும். அவருக்கு என்மேல் பிரியம் அதிகமா வண்டிமேல் பிரியம் அதிகமா என்று ஓரகத்தி கேலி செய்வாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஒருநாள் கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்த வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு அதிசயம் நின்றது. ஒரு சின்ன வீடு நாலு இரும்புக் கால்களில் தனியாக நிற்கிறது. பக்கத்தில் தொட்டி காலியான ஒரு வண்டி, அதன் அடியில் இரண்டு வெள்ளைக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் வண்டிக்கு அடியில் வில்லாக வளைந்து பாரம் தாங்கும் கமான் பட்டை உடைந்து நின்றுவிட்டார்களாம். வீட்டைக் கால்களில் நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் வெளியே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் கணவர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிட்டார்.

அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினாள். ஒரு பலகைக் கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக வந்ததும் கதவைச் சாத்தி உள்ளே ஒரு கொக்கியை மாட்டினாள். வெளிச்சத்தம் பாதியாகக் குறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கொக்கியின்மேல் எனக்கு வந்த ஆசை இருக்கிறதே, நகைக்கடையில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

பட்டையை மாற்றிக் கட்டியதும் வெள்ளைக்காரர் வண்டியைப் பின்னால் விட்டு வீட்டின் அடியில் நுழைத்தார். நாலு கால்களிலும் இருந்த திருகைச் சுற்றிச் சுற்றி வீட்டைத் தொட்டிக்குள் இறக்கினார். சங்கிலி போட்டு இறுக்கினார். கையைக் காட்டிவிட்டு வீட்டோடு போய்விட்டார்கள். வழி முழுக்க என் கணவர் எங்கள் வண்டித் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். திண்டிவனம் வந்ததும், புடவைக்குப் பின்னால், என் காதில் சொன்னார்.

"நம்ம வண்டிக்கும் அது மாதிரி ஒண்ணு பண்ணிடலாம். பண்ணா உனக்குச் சந்தோஷமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே. முகையூரில் மோட்டார் தூக்கப் போனால் ராத்தங்க இடமில்லை, மழையில் நனைகிறேன், சாமான் திருட்டுப் போகிறது என்று அவர் அடுக்கினார். எல்லாம் நிஜம்தான். மாமா தலையாட்டினார். அத்தை மட்டும் அரிசி புடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தாழ்ப்பாளை நானே வாங்கினேன். விழுப்புரத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தபோது ஸ்டேஷன் பக்கத்தில் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தேன். உடைத்துப்போட்ட ரயில்பெட்டியிலிருந்து வந்த பித்தளைத் தாழ்ப்பாள். தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ரயில் இத்தனை ஆட்டம் ஆடியும் திறக்காத தாழ்ப்பாள், எங்கள் ஊர் ரோட்டுக்கு இதுதான் லாயக்கு என்று வாங்கிவந்து புளிபோட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டேன். வீடு இன்னும் வரவில்லை, அதற்குள் தாழ்ப்பாள் பளபளத்தது.

பட்டறைத் தோட்டத்தில் போர்வெல் பைப்பை வெட்டித் திருகு வைத்த நாலு கால் செய்தார் என் கணவர். அதன்மேல் ஆசாரி மரச்சட்டம் போட்டார். வெளியே தகரம், உள்ளே பலகை, முன்பக்கம் ஓட்டுகிறவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு பரண், இரண்டு பேர் படுக்க. பின்பக்கம் கதவு. இதுதான் திட்டம். சட்டம் நாலு மூலைக்கு நின்ற சமயத்தில் அவர் முகையூருக்கு ஒரு அவசர வேலையாகப் போய்விட்டார். அங்கேதான் கெட்டது.

ஆள் படுக்கிற இடம் என்றால் அது வீடுதானே, வீடென்றால் நல்ல நேரம் பார்த்து நிலை வைத்துத்தானே ஆக வேண்டும் என்று மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார். ஆசாரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் வாழ்நாளெல்லாம் வீட்டுக்கு நிலை வைத்தவர். விடிந்தும் விடியாமலும் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, தெருவிலிருந்து சுமங்கலிகளைக் கூட்டிவந்து, கற்பூரம் காட்டி நிலையை நிறுத்திவிட்டார்கள். கிழக்குப் பார்த்து. தெருவைப் பார்த்து. மங்களகரமாக. நானும் குலவையிட்டேன், எனக்கு மட்டும் என்ன தெரியும்?

என் கணவர் வந்து பார்த்தார். பிறகு தெருவையும் நிலையையும் மாறிமாறிக் கையைக் காட்டினார். எங்கள் தோட்டத்துக்கு ஒரே வழி, அது கிழக்கே தெருப்பக்கம். வண்டி அந்த வழியாகத்தான் பின்னால் வந்து வீட்டின் அடியில் நுழைய வேண்டும். நுழைந்து நின்றால் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் கதவு வரும். கதவைத் திறந்தால் வண்டியின் தகரம். உள்ளே போக வழியே இல்லை. என் பித்தளைத் தாழ்ப்பாளை மடியில் கட்டிக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கித் திருப்பி வைத்தால் தீர்ந்தது. மாமா விடவில்லை. நிலை வைத்த பிறகு மேற்கே திருப்புவதாவது! வண்டி ஓடும்போது வாசல் எட்டுத் திக்கும் திரும்பத்தானே போகிறது என்று என் கணவர் வாதாடினார். ஓடும்போது திரும்பட்டும், நிற்கும்போது கிழக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அப்பாவும் பிள்ளையும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆசாரி உளியைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். வேலை நின்றது. மழை பிடித்துக்கொண்டது. சட்டம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு கிழக்கே பார்த்தபடி நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு மாடு போதவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மாமா கட்டிலிலும் என் கணவர் பட்டறையிலுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அத்தை சாணிக்கூடையோடு நடுவில் வந்து நின்றார்.

"வாசலத் திருப்பக் கூடாது, அவ்ளோதான? வண்டியத் திருப்பு. மேக்கால கொல்லைப் பக்கமா வுட்டுக்கினு வா. அப்பால வாசலு தானா பின்னாடி வந்துடும்."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கி வறட்டி தட்டப் போய்விட்டார்.

மேற்கே எங்கள் மல்லாட்டைக் கொல்லை. பிடுங்கி முடித்து, உழுது, அதன்மேல் பெய்த மழையில் முழங்கால் சேறு. மாடே இறங்க யோசிக்கும். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்த யோசனையைச் சொல்லியே இருக்க முடியாது. என் கணவர் எழுந்து போய் அந்தக் குட்டிக் கம்பியை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. மாமா கட்டிலிலிருந்தே, முள்வேலியைப் பிரிக்க ஆள் சொல்லட்டுமா என்று பொதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. தகரம் அடித்தார்கள், பரண் மேற்கே நீண்டது. நிலை மட்டும் நிஜவீட்டு நிலை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரத்திலிருந்து அறுத்துவந்தீர்களா என்று என் கணவர் ஆசாரியைக் கேட்டார், அத்தனை கனம். பின்கனம் அதிகமானால் வண்டி முன்னால் தூக்கிவிடும் என்று தண்ணீர் டிரம்மையும் சாமான் பெட்டியையும் முன்பக்கமாக வைத்துச் சரிக்கட்டினார். கடைசியில் திருப்புளியை வாங்கி நானே தாழ்ப்பாளை முடுக்கினேன். யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வண்டி நுழையும் நாளன்று தெருவே எங்கள் தோட்டத்தில் இருந்தது. ஏரிக்கரை சுற்றிக் கொல்லைக்குள் வண்டி இறங்கியது. என் கணவர் பின்னால் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தார். பாதிக் கொல்லையில் பின்சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. வெள்ளை வேட்டியோடு வழிகாட்ட நின்ற மாமா தலையிலிருந்து கால்வரை களிமண் பொம்மையானார். யாரும் சிரிக்கவில்லை, அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மாமாவும். குட்டிக் கம்பியைத் தள்ளினதும் முன்சக்கரங்கள் கவ்வின. உறுமிக்கொண்டு, ஆடிக்கொண்டு, ஆமை வேகத்தில் மேலே ஏறி வந்தது.

நாலு காலுக்கு நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இடமில்லை. ஒரு காலை ஆசாரி பிடித்துக்கொண்டார், ஒன்றைக் கொழுந்தனார். மாமா சேற்றுக் கையை ஆட்டி "வர்ட்டும், வர்ட்டும், ஒடிச்சு வுடு, ஜல்தி இல்ல, மெள்ள" என்று கத்தினார். தகரத்தில் ஒரு கீறல் விழாமல் தொட்டி உள்ளே போய் நின்றது. மூலைக்கு ஒருவராகத் திருகைச் சுற்றினோம், நாலாவது மூலை நான். ஒருவர் வேகமாகச் சுற்றினால் வீடு சாயும், எல்லோரும் நிறுத்தி அவரைத் திட்டுவோம், மறுபடி சுற்றுவோம். வீடு அங்குலம் அங்குலமாக இறங்கித் தொட்டிக்குள் 'தொம்' என்று உட்கார்ந்தது. கமான் பட்டை ஒருமுறை முனகியது. சங்கிலி போட்டு இறுக்கினார்கள். நிலை கிழக்கைப் பார்த்தது, தெருவைப் பார்த்தது, வண்டிக்குப் பின்னாலும் இருந்தது. மாமாவுக்கும் வெற்றி, பிள்ளைக்கும் வெற்றி. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அத்தை தேங்காய் உடைத்தார்.

எனக்கு இருந்த சந்தோஷம் சாயங்காலம் வரைதான் தாங்கியது. பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் வண்டியைத் தொழிலுக்கு எடுக்க வேண்டும் என்று மாமா சொல்ல, மொத்தக் குடும்பமும் கட்டுச்சோறு, பாய், சொம்போடு கிளம்பிவிட்டது. இரண்டு பேர் படுக்கிற பரணில் ஆறு பிள்ளைகள். ஓரகத்தி என் ஜன்னலோரத்தில். நாத்தனார் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்து விளையாடினாள். புடவை போய்த் தகரம் வந்தது, அவ்வளவுதான் லாபம் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மொத்த வீடும் 'ஓ' என்றது. எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

திருவக்கரையில் மாமா சூரியனைப் பார்த்து வண்டியை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று படுத்திவைத்துக் கிழக்கே வாசல் வரும்படி நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். அத்தை என்னை நிறுத்தினார்.

"வண்டிக்கு ஆளு வேணும். நீங்க ரெண்டு பேரும் இருங்க. நாங்க பூஜை முடிச்சு, கல்லு மரமெல்லாம் புள்ளைங்களுக்குக் காட்டிக்கினு மெள்ள வர்றோம்."

ஓரகத்தி தானும் இருந்துவிடுவதாகச் சொன்னாள். அவள் கையில் தேங்காய்ப் பையைக் கொடுத்து முன்னால் தள்ளிக்கொண்டே போய்விட்டார் அத்தை. திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். 'டக்.' நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், பேசினோம். சத்தமாகப் பேசினோம். கிசுகிசுத்தே பழகிப்போனதால் முதலில் குரல் சரியாக வரவில்லை. பிறகு மாமா சேற்றில் நின்ற கோலத்தை அவர் நடித்துக் காட்டினார். சிரித்தார். பெரிய முரட்டுச் சிரிப்பு, தகரம் அதிர்ந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் என் புருஷனின் சிரிப்பை நான் கேட்டேன். இவரைத்தான் கட்டியிருக்கிறேனா என்று எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு முகையூருக்கு நானும் கூடப் போனேன். வேலை இல்லாத நாட்களில் கால்களைப் பொருத்தி, வீட்டைத் தோட்டத்தில் நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் மூட்டை ஏற்ற எடுத்துப்போவார்கள். அப்படி நின்ற ஒரு தை மாத மத்தியானம், நான் அதன் படியில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வண்டியைக் கொழுந்தனார் எடுத்துப் போயிருந்தார். என் கணவர் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பி வாங்க விழுப்புரத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். அத்தை வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"செத்த நேரம் நான் உள்ள போய்ப் படுத்துக்கட்டுமா? தாப்பா போட்டுக்கினு."

என்னிடம் அவர் அனுமதி கேட்டது அன்று ஒருநாள்தான். எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். தாழ்ப்பாளை எப்படித் தள்ள வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அது தெரியாதவர் போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். நான் இறங்கியதும் உள்ளே 'டக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை திறந்து, மறுபடி 'டக்' என்று போட்டார். சரியாகத்தான் விழுந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

அப்புறம் சத்தம் ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு நிதானமாக, தகரம் அதிரும்படி ஒரு குறட்டை. ஓரகத்தி வந்து அத்தை எங்கே என்று கேட்டாள். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். பிள்ளைகள் வந்தார்கள், கையில் மல்லாட்டையைக் கொடுத்து விரட்டினேன். கடைசியில் மாமாவே காபி கேட்டு வந்துவிட்டார். வந்தவர் நின்று காதைக் கொடுத்தார்.

"யாரு உள்ள?"

"உங்க புள்ளதான் மாமா. அலுப்பா இருக்குன்னு படுத்துட்டாரு."

மாமா இன்னும் கொஞ்சம் கேட்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இன்னா கொறட்ட இது. நம்ம வூட்ல யாருக்கும் இந்தப் பழக்கமே கெடையாதே."

சொல்லிக்கொண்டே கட்டிலுக்குத் திரும்பிப் போனார். அன்று காபியை நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பொழுது சாயும் வரை மல்லாட்டை உரித்தேன்.